தப்பாத வரிசை

உங்கள் தலைக்கு மேலே, மின்விசிறிக்கு வலது பக்கம், ஒழுகும் ஐயா. நான் உள்ளே நுழைந்ததுமே பார்த்துவிட்டேன். சுவரில் தேநீர் நிறத்தில் ஒரு கறை இறங்கியிருக்கிறதே, அது இன்றைய மழையில் வந்தது இல்லை, போன வருஷத்தது. நாற்காலியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டால் காகிதங்கள் நனையாது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சலூன் வைத்திருப்பவர் எதிரே வருகிறவரின் தலைமுடியைப் பார்ப்பது மாதிரி, கூரை வேலைக்காரனை எந்த அறையில் உட்கார வைத்தாலும் அவன் கண் மேலேதான் போகும்.

யாரிடமாவது காட்டினால் பழைய ஷீட்டையெல்லாம் பிரித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்பார்கள். கேட்காதீர்கள். மேலேயே ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்டது உன் தம்பியைப் பற்றி, நீ கூரையைப் பற்றிப் பேசுகிறாயே என்று உங்களுக்குத் தோன்றலாம். இரண்டும் ஒன்றுதான். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற பழக்கம் எனக்கு இல்லை. வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

பிரிப்பது என்றால் என்னவென்று பிரிக்கச் சொல்கிறவர்களுக்குத் தெரியாது. குடியிருப்பவர்கள் கட்டிலையும் பீரோவையும் தெருவுக்குக் கொண்டுவர வேண்டும். பழைய சிமெண்ட் ஷீட்டைக் கழற்றும்போது எழும்பும் தூசி நெஞ்சுக்கு ஆகாது. பாதி கழற்றியிருக்கும்போது வானம் கறுத்துக்கொண்டு வந்தால் வீட்டுக்காரர் முகத்தை ஏறெடுத்துப் பார்க்க முடியாது. என் முறையில் அந்தத் தொல்லை எதுவும் இல்லை. பழைய போல்ட்டுகளின் தலையை அறுத்துவிட்டு, பழைய ஷீட்டின் மேலேயே புது ஃபைபர் ஷீட்டைப் படுக்கவைத்து, கீழே ஓடுகிற குறுக்குச் சட்டத்தைக் கணக்குப் பண்ணி ஸ்க்ரூ இறக்கிவிட்டால் வேலை முடிந்தது. உள்ளே இருப்பவர்கள் தூங்கிக்கொண்டுகூட இருக்கலாம். எழுந்து வாசலுக்கு வந்தால் தலைக்கு மேலே புதுக் கூரை.

இன்னொரு காரணமும் உண்டு, அதையும் மறைக்கவில்லை. எனக்குப் பிரிப்பதே பிடிக்காது. பிரித்தால் உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். எலிக்கூடு, கறையான் மண், எவனோ அரைகுறையாகச் செய்துவிட்டுப் போன வேலை. இதையெல்லாம் வீட்டுக்காரருக்கு வெளிச்சம் போட்டுக் காட்டி யாருக்கு என்ன லாபம்? அதுவரை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்த மனிதர், அன்றிலிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே படுத்திருப்பார்.

என் தம்பி நேர் எதிர். எதையும் திறந்து பார்க்காமல் விடமாட்டான். அவன் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த சுவர்க் கடிகாரத்தைக்கூடப் பின்பக்கம் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டினான். அது கடைசிவரை ஓடவில்லை. எங்களிடம் வேலைக்கு வருகிறவர்கள் எனக்குப் ‘போர்வை’ என்றும் அவனுக்கு ‘உரிச்சான்’ என்றும் பெயர் வைத்திருந்தார்கள். நாங்கள் இருவரும் டீக்கடைக்குள் நுழைந்தால் மூலையிலிருந்து குரல் வரும், “போர்வையும் உரிச்சானும் வந்தாச்சு, ரெண்டு டீ போடுப்பா.” எனக்கு அதில் வருத்தம் இல்லை. தம்பிக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

வீட்டுக்காரர்கள் முன்னாலேயே இருவரும் வாதாடுவோம்.

“அண்ணே, நீ சொல்றது சொத்தைப் பல்லு மேல தங்கப் பல்லு கட்டுற மாதிரி இருக்கு.”

“கட்டினவன் சிரிக்கிறானா இல்லையா, அதைச் சொல்லு.”

“சிரிக்கிறான். வாயைத் திறந்தா எதிர்ல நிக்கறவன் மயங்கி விழறான்.”

வீட்டுக்காரர் சிரித்துவிடுவார். சிலர் அவன் பக்கம் சாய்வார்கள், பலர் என் பக்கம். எந்த முறை முடிவானாலும் இருவரும் சேர்ந்துதான் செய்வோம். எங்களுக்குள் சண்டை இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்ததே இல்லை. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஒரு விஷயம் உங்களுக்கு விளங்க வேண்டும். ஷீட் போட்ட கூரையில் இஷ்டத்துக்குக் கால் வைக்க முடியாது. ஷீட் ஆள் எடையைத் தாங்காது. அடியில் குறுக்குச் சட்டம் ஓடுகிற இடத்தில் மட்டும்தான் தாங்கும். மேலே நிற்கிறவனுக்குச் சட்டம் கண்ணுக்குத் தெரியாது. அவன் பார்ப்பது ஸ்க்ரூ வரிசையை. ஸ்க்ரூ இருந்தால் அதற்கடியில் மரம் இருக்கும். எங்கள் ஆட்கள் எல்லோரும் அந்த வரிசையில்தான் நடப்பார்கள், பேசிக்கொண்டே, பாட்டுப் பாடிக்கொண்டே. வேறு தொழில்காரர் யாராவது மேலே ஏறினால் பயத்தில் தவழ்ந்து போவார், அதனால் பிழைத்துக்கொள்வார். வரிசையை நம்பி நிமிர்ந்து நடப்பவன் கூரைக்காரன் ஒருவன்தான்.

அதிலும் தம்பி ஜாக்கிரதைக்காரன். அடுத்தவர் போட்ட கூரை என்றால் நீளப் பலகை ஒன்றைப் போட்டு அதன் மேல்தான் நடப்பான். யார் எப்படி ஸ்க்ரூ இறக்கினார்களோ, யாருக்குத் தெரியும் என்பான். நான் போட்ட கூரையில் மட்டும் பலகை போடமாட்டான். “எங்கண்ணன் கொள்கை தப்பு. ஆனா வரிசை தப்பாது.” இதை ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். அவன் பெண்டாட்டியிடம், டீக்கடையில், புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு குளிர்ந்துபோகும். என் முதுகுக்குப் பின்னால் என்னைப் பற்றிச் சொல்லப்பட்ட நல்ல வார்த்தை எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அது உண்மையும்கூட. மரத்தைக் கண்ணால் பார்க்காமலேயே ட்ரில் மிஷினை வைத்தால் நடுமரத்தில் இறங்கும். அந்தக் கை எனக்கு.

இப்போது அந்தப் பாலர் பள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதைச் சொல்லாமல் மற்றது விளங்காது. ஒரே ஒரு பெரிய கூடம். சுவரெல்லாம் யானையும் ரயிலும் வரைந்திருக்கும். ஒரு பக்கம் குட்டிக் குட்டி நாற்காலிகள், மறு பக்கம் பிள்ளைகள் மத்தியானம் படுத்துத் தூங்குவதற்குப் பாய்கள். மேலே பழைய சிமெண்ட் ஷீட், அதற்குக் கீழே சட்டங்கள் தெரியாதபடி வெள்ளை அட்டை அடித்திருந்தார்கள். விடுமுறை முடிகிற சமயத்தில் பெரிய டீச்சர் எங்களைக் கூப்பிட்டு, ஒழுகுகிறது, பள்ளி திறப்பதற்குள் சரி செய்து தர முடியுமா என்று கேட்டார். தம்பி அப்போது காலில் ஆணி ஏறிப் படுக்கையில் இருந்தான். அதனால் வாதாட ஆள் இல்லை. பிரிக்கவே வேண்டாம் டீச்சர், மேலேயே போட்டுத் தருகிறேன் என்றேன். அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

போல்ட் தலைகளை அறுக்கும்போது ஓரத்து ஷீட் ஒன்று லேசாகத் தூக்கிக்கொண்டது. உள்ளே கையை விட்டேன். குறுக்குச் சட்டம் இருந்தது, தோல் மட்டும். விரலால் அழுத்தினால் உள்ளே போனது. கையை வெளியே எடுத்தபோது விரலிடுக்கில் மாவு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த சட்டமும் அப்படித்தான். மூன்றாவதைத் தொட்டுப் பார்க்கவில்லை.

டீச்சரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் சட்டம் முழுக்க மாற்ற வேண்டும், பள்ளி திறப்பது தள்ளிப்போகும். பெற்றவர்கள் இருவரும் வேலைக்குப் போகிற வீடுகள். அந்தப் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது? இதையெல்லாம் யோசித்தேன். பழைய கூரையைத் தாங்கிய மரம்தானே, இதையும் தாங்கும் என்று நீள ஸ்க்ரூவாக வாங்கிவந்து இறக்கினேன். ஊறிய சோப்பில் இறங்குவது மாதிரி இறங்கியது. ஆனால் ஒன்று சொல்கிறேன், ஒரு ஸ்க்ரூகூட மரத்தை விட்டு விலகவில்லை. நீல நிற ஷீட். பள்ளி திறந்த அன்று பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து நீலக் கூரை போட்ட ஒரு வீட்டை வரைந்து என் கையில் கொடுத்தார்கள். அந்தப் படம் எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவில் இன்னமும் ஒட்டியிருக்கிறது.

அந்த வருஷமே தம்பி தன் மகளை அங்கே சேர்த்தான். ஒரே பெண். அவள் பெயர் வீட்டில் ‘குருவி’. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. காரணம் கேட்டால் என்ன சொல்வது?

ஒரு சனிக்கிழமை காலை அவன் பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பும்போது, பழக்கதோஷத்தில் அண்ணாந்து பார்த்திருக்கிறான். கூரை முகட்டின் நடுவில் லேசாக ஒரு தொய்வு. வேறு யார் கண்ணிலும் படாது. வாட்ச்மேனிடம் ஏணி வாங்கி ஏறி, சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த சட்டத்தின் முனையில் ஸ்க்ரூ டிரைவரைக் குத்திப் பார்த்திருக்கிறான். அன்று மத்தியானம் நான் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் வந்தான். என் மனைவி அவனுக்கும் தட்டு வைத்தாள். அவன் கையைக் கழுவாமல், ஸ்க்ரூ டிரைவரை மேஜைமேல் வைத்தான். பிடிவரைக்கும் மரத்தூள் ஒட்டியிருந்தது. அவள் மோர் எடுக்க உள்ளே போன பிறகுதான் கேட்டான்.

“அண்ணே, பாலர் பள்ளியில மரம் எப்படி இருந்துச்சு?”

“பழசுதான்.”

“பழசா, உளுத்ததா?”

“ஸ்க்ரூ பிடிச்சுது.”

“நான் அதைக் கேக்கல.”

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“உனக்குத் தெரியும்” என்றான். கேள்வியாகக் கேட்கவில்லை. “தெரிஞ்சே மேல ஏத்தியிருக்கே. பழசோட எடையையே அது பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தாங்கிட்டிருந்திருக்கு. மழை பிடிச்சு ரெண்டு ஷீட்டுக்கும் நடுவுல தண்ணி நின்னா என்ன ஆகும்? குருவி அதுக்குக் கீழதான் படுத்துத் தூங்குறா. அவ மட்டுமா, அண்ணே?”

“இத்தனை நாள் நின்னுச்சுல்ல?”

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் என் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “நாளைக்கு அங்க லீவு. நாம கையில இருக்கற அச்சாபீஸ் வேலையில முகட்டை மூடிடுவோம். நாளன்னிக்குக் காலையில ஸ்கூல் திறக்கறதுக்குள்ள ரெண்டு பேரும் போய் டீச்சரைப் பார்ப்போம். நீயே சொல்லு. நீ சொன்னா தப்பைத் திருத்தின மாதிரி. நான் சொன்னா காட்டிக்கொடுத்த மாதிரி ஆயிடும். நான் பக்கத்துல நிக்கறேன். பிரிச்சு, சட்டம் மாத்தி, நாமளே சும்மா போட்டுக் கொடுத்துடுவோம்.”

“உன் வீட்டுல சொல்லிட்டியா?”

“சொல்லல. இது உனக்கும் எனக்கும் நடுவுல இருக்கட்டும். டீச்சர்கிட்ட நீ சொன்ன பிறகு பார்த்துக்கலாம்.”

நல்லவன். அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். டீச்சரிடம் போய் என்னவென்று சொல்வது? பிள்ளைகள் படம் வரைந்து கொடுத்தார்களே, அந்தக் கூரை என்றா? அவர் இன்னொருவரிடம் சொல்வார். பிறகு நான் இதுவரை போட்ட ஒவ்வொரு கூரைக்குக் கீழேயும் ஆட்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். எல்லாம் அப்படி இல்லை. சில அப்படித்தான்.

அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே அச்சாபீஸுக்குப் போனேன். பெரிய கொட்டகை அது. காகிதத்தில் தூசி படியக்கூடாது என்று கூரைக்குக் கீழே தெர்மாகோல் அட்டை பரப்பியிருந்தார்கள். அதனால் கீழே நின்று பார்த்தாலும் சட்டம் தெரியாது. நான்தான் அதற்கும் மேலேயே ஷீட் போட்டுக்கொண்டிருந்தேன். முகட்டை ஒட்டிய கடைசி வரிசை மட்டும் பாக்கி. இரண்டு சரிவும் சேருகிற உச்சியில் முகட்டு மூடி பொருத்துவது எப்போதும் தம்பி வேலை. என்னைவிட அவன் கை அதில் சுத்தம். மூடியைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தக் கடைசி வரிசை நெடுக நடந்து வருவான்.

நூல் பிடித்தேன். மரம் எங்கே ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். அதிலிருந்து ஒரு முழம் கீழே தள்ளிப் பிடித்தேன். அந்த நூல் நெடுக இறக்கிய ஸ்க்ரூக்கள் மரத்தைத் தொடாமல் பழைய ஷீட்டை மட்டும் கடித்துக்கொண்டு நின்றன. மேலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. நானே சொல்லக்கூடாது, ஆனால் நேர்த்தியான வரிசை.

அவனைக் கொல்ல நினைத்தேன் என்று எழுதிவிடாதீர்கள். எனக்கு யோசிக்க அவகாசம் தேவைப்பட்டது. முன்பு அவன் காலில் ஆணி ஏறிப் படுத்திருந்தபோது நான் என் பாட்டுக்கு நிம்மதியாக வேலை பார்க்கவில்லையா? அப்படி இன்னும் கொஞ்ச நாள் படுத்திருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். மறுநாள் அச்சாபீஸுக்கும் விடுமுறை. கீழே ஒரு ஜீவன் இருக்காது என்பதையும் யோசித்துத்தான் செய்தேன். சம்பந்தமில்லாதவர்களுக்கு என்னால் ஒரு கீறல்கூட விழக்கூடாது.

காலையில் அவன் உற்சாகமாகத்தான் வந்தான். பாரத்தை இறக்கி வைத்தவன் மாதிரி இருந்தான். ஏணியில் பாதி ஏறியதும் கடைசி வரிசையைப் பார்த்துவிட்டு, “நேத்து சாயங்காலமே முடிச்சுட்டியா? நூல் பிடிச்ச மாதிரி இருக்குண்ணே” என்றான். வண்டியில் பலகை இருந்தது. நான் அவனைக் கேட்டேன் ஐயா, இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். “பலகை எடுத்துத் தரட்டுமா?” என்று கேட்டேன்.

“உன் கூரையில எனக்கெதுக்குப் பலகை?” என்று சிரித்தான்.

நான் கேட்டேன். அவன்தான் வேண்டாம் என்றான்.

சத்தம் அவ்வளவாக இல்லை. தட்டு உடைகிற மாதிரி ஒன்று, பிறகு கீழே ஒன்று. நான் கூரையின் கீழ் வரிசையில் இருந்தேன். நல்ல மரம் ஓடுகிற வரிசைகளில் கால் வைத்து ஓட்டைக்குப் பக்கமாகப் போய் எட்டிப் பார்த்தேன். அச்சு இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தான். அவன்மேல் தெர்மாகோல் துணுக்குகள் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டே இருந்தன. கண் திறந்திருந்தது. நான் இன்னும் ஓரடி முன்னால் வைக்கப் போனதை அவன் பார்த்தான். ஒரு கையைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கினான்.

“பார்த்து வாண்ணே” என்றான். “அங்க மரம் இல்ல.”

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. நான் இறங்கி, கதவைத் திறந்து, அவனைத் தூக்குவதற்குள் முடிந்துவிட்டது.

அந்த வார்த்தையை நான் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவனுக்கு என்மேல் சந்தேகம் வரவே இல்லை, இல்லையா? சந்தேகம் இருந்தால் என்னை எச்சரித்திருப்பானா? மனசில் ஒரு குறையும் இல்லாமல் போனான். எத்தனை பேருக்கு அந்தக் கொடுப்பினை கிடைக்கிறது? சாப்பிடும்போது மட்டும் அது ஞாபகத்துக்கு வந்தால் சோறு இறங்குவதில்லை. மற்றபடி எனக்கு அது ஆறுதல்.

அழுதேனா என்று கேட்டீர்கள். அழுதேன். நடிக்கவில்லை. என் கூடப் பிறந்தவன்.

அச்சாபீஸ் முதலாளி, காகிதக் கட்டெல்லாம் நனைந்துவிடும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நானே போய் அந்த ஓட்டையின் மேல் ஒரு ஷீட் போட்டு மூடிவிட்டு வந்தேன். எல்லோரும் போறாத வேளை என்றார்கள், கால் இடறியிருக்கும் என்றார்கள். தம்பி பெண்டாட்டி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “மாமா, அவரு பலகை போட்டிருந்தாரா?”

“இல்லம்மா.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அதற்கு மேல் கேட்கவில்லை. நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. தினமும் குருவியைப் பள்ளியில் விடுவதும் கூட்டிவருவதும் என் பொறுப்பு என்று நானே ஏற்றுக்கொண்டேன். அவர்கள் வீட்டுக் காஸ் தீர்ந்தால் நான்தான், குழாய் ஒழுகினால் நான்தான். ஒரு அண்ணன் செய்ய வேண்டியதில் நான் எதையும் குறைத்ததில்லை. நீங்கள் அவளையே கேட்டுப் பார்க்கலாம்.

ஓட்டையின் மேல் நான் போட்ட ஷீட்டில் நீர் கசிந்திருக்கிறது. அவசரத்தில் செய்தது. முதலாளி என்னைக் கூப்பிட மனம் வராமல் வேறொரு கூரைக்காரரைக் கூப்பிட்டிருக்கிறார். அது அவள் காதுக்கு எட்டியதும், நேற்று என்னிடம் வந்து, பிரிக்கும்போது தானும் அங்கே போய் நிற்கப்போவதாகச் சொன்னாள்.

“எதுக்கும்மா? பிரிச்சுப் பார்த்தா மனசு இன்னும் ரணமாகும். அவங்ககிட்ட மேலேயே ஒண்ணு போட்டுக்கச் சொல்லுவோம்.”

“அவரு இருந்தா பிரிச்சுத்தான் பார்த்திருப்பாரு, மாமா.”

இன்று விடிந்ததுமே, மழைக்கு முன்னால் பிரித்திருக்கிறார்கள். அந்தக் கடைசி வரிசை முழுக்க, ஒரு முனையிலிருந்து மறு முனைவரைக்கும், ஒரு ஸ்க்ரூவுக்குக் கீழேயும் மரம் இல்லை என்று அந்தக் கூரைக்காரர் சொல்லியிருக்கிறார். முதலாளி உடனே, பாவம், பெரியவருக்கு வயசாகிவிட்டது, கணக்குத் தவறிவிட்டது என்றாராம். ஆனால் அவள் போலீஸைக் கூப்பிட்டுவிட்டாள்; வந்த உங்கள் ஆட்களிடம் அவள் சொன்னதாக நீங்கள் ஒன்றைப் படித்துக் காட்டினீர்கள். “அவரு வரிசை தப்பாதுன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லிக்கிட்டே இருப்பாரு. அப்படின்னா இதுவும் தப்பல.”

சின்னப் பெண் என்று நினைத்திருந்தேன். தம்பியோடு இருந்து இருந்து அவளும் உரிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

நீங்கள் நல்ல மனிதர். கொஞ்சம் முன்னால் நீங்களே எனக்கு ஒரு வழி காட்டினீர்கள். தவறுதலாக நடந்திருக்கலாம் இல்லையா, வயதாகிவிட்டது, கண் மங்கியிருக்கும், அப்படி எழுதிக்கொள்ளட்டுமா என்று. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் வீட்டுக்குப் போய்விடலாம் என்பது எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு வரிசை முழுக்கக் குருட்டாம்போக்கில் இறக்கியவன் என்று என் பெயரை எழுதி வைப்பீர்கள். தம்பி ஊரெல்லாம் சொல்லி வைத்த வார்த்தை பொய்யாகிவிடும். அவனுக்கு நான் அதைச் செய்யமாட்டேன்.

ஆகவே சரியாக எழுதிக்கொள்ளுங்கள். வரிசை தப்பவில்லை. எங்கே இறக்க நினைத்தேனோ அங்கேதான் இறக்கினேன். கொஞ்ச நாள் படுத்திருக்கட்டும் என்று நினைத்தேன் என்றேனே, அதை அடித்துவிடுங்கள். அந்த உயரத்திலிருந்து அந்தத் தரையில் விழுகிறவன் படுக்கையில் கிடக்கமாட்டான் என்பது நூலைப் பிடிக்கும்போதே எனக்குத் தெரியும். அவன் என் வரிசையை நம்பி வருவான் என்றும் தெரியும். தெரிந்துதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்?

பாலர் பள்ளியா? அங்கே ஒன்றும் செய்யவில்லை. டீச்சரிடம் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் அவன் ஒருவன்தானே. எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. பள்ளி நடந்துகொண்டுதான் இருக்கிறது. குருவியும் அங்கேதான் இருக்கிறாள். இன்று காலை நான்தான் கொண்டுபோய் விட்டேன். விட்டுவிட்டு வாசலுக்கு வந்தபோதுதான் உங்கள் ஜீப் நின்றது. வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். “பெரியப்பா, மழை வந்தா எங்க ஸ்கூல் கூரை பேசுது.” என்ன பேசுகிறது என்று கேட்டேன். “கிரீச் கிரீச்சுனு. நேத்து தூங்கறப்ப என் மேல மாவு கொட்டிச்சு.” புதுக் கூரை அப்படித்தான்மா, பழகிவிடும் என்று சொல்லி, தலையில் கட்டியிருந்த ரிப்பனைச் சரி செய்து உள்ளே அனுப்பினேன்.

இந்நேரம் எல்லோரும் சாப்பிட்டு முடித்துப் பாயில் படுத்திருப்பார்கள். இங்கேயே பாருங்கள், மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. கறைக்குப் பக்கத்தில் சொட்ட ஆரம்பித்துவிட்டது.

எதற்கு எழுந்துவிட்டீர்கள்? ஃபோனைக் கீழே வையுங்கள் ஐயா. பதறிப்போய்ப் பிள்ளைகளை எழுப்பி வெளியே கொண்டுவந்து நிறுத்தினால் மழையில் நனைந்து எல்லோருக்கும் சளி பிடித்துக்கொள்ளும். பெற்றவர்கள் வேலையை விட்டுவிட்டு ஓடிவர வேண்டும். யாருக்கும் எந்தச் சிரமமும் வேண்டாம். என்னை அரை நாள் வெளியே விடுங்கள், கூட ஒரு ஆளை வேண்டுமானாலும் அனுப்புங்கள். எதையும் பிரிக்காமல் மேலேயே இன்னொரு ஷீட் போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன். பலகைகூடத் தேவையில்லை. என் வரிசை தப்பாது.